இந்த வீட்டில் தம்பதிகள் எத்தனை?

கிரிஜா டீச்சர் வீட்டோடு சேர்ந்த என் கடையின் சுவரில் மார்க்கரால் ஒரு நம்பர் எழுதிக்கொண்டிருந்தார். நான் உள்ளே மெஷினுக்கு மை போட்டுக்கொண்டிருந்தேன். சுண்ணாம்பில் மார்க்கர் உரசுகிற கீச்சுச் சத்தம் கேட்டுத்தான், கையைத் துணியில் துடைத்தபடி வெளியே வந்தேன்.

நம்பர் கோணலாக இருந்தது. முதல் எழுத்து பெரிது, கடைசி எழுத்து பொடிசு.

"டீச்சர், நேரா எழுதக் கூடாதா? அச்சகத்துச் சுவருங்க இது. பாக்கறவங்க நான் எழுதினதுன்னு நெனச்சுக்கப் போறாங்க."

"நீங்க நாளைக்கே வெள்ளையடிச்சுருவீங்கன்னு எனக்குத் தெரியும்க்கா. கணக்கெடுப்பு முடியற வரைக்கும் உட்டு வைங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

கிரிஜா டீச்சர் எங்கள் ஊர் பேரிகையில் இருக்கிற நடுநிலைப் பள்ளியில் பாடம் நடத்துகிறவர். வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கிற வேலையையும் இந்த முறை அவர் தலையில் கட்டிவிட்டார்கள். வெயிலில் முகம் கறுத்துப்போய், தோளில் ஒரு பை, கையில் ஒரு போன், கழுத்தில் அடையாள அட்டை. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

ஆனால் எனக்குப் பரிதாபப்பட நேரமில்லை. என் மகள் ஹேமாவைக் கட்டிக்கொள்ளப் போகிற பையனுக்கு இந்த டீச்சர் சொந்தச் சித்தி. நிச்சயம் முடிந்து, பத்திரிகை அடிக்க வேண்டிய வாரம் அது. கேள்விகளோடு வாசலில் வந்து நிற்பது அரசாங்கமா, சம்பந்தி வீடா என்று எனக்குப் புரியவில்லை.

"உள்ள வாங்க டீச்சர், மோர் குடிங்க" என்றேன். நான் சந்தேகப்படுகிற ஆளை முதலில் உட்காரவைத்துவிட வேண்டும் என்பது என் பழக்கம்.

தரையில் நின்றுகொண்டே தரையைப் பற்றிக் கேட்பார்கள்

கணக்கெடுப்பில் கேட்கிற கேள்விகளை நீங்கள் எப்போதாவது நிதானமாகப் படித்திருக்கிறீர்களா? நான் படித்திருக்கிறேன். எழுத்து எங்கே கிடந்தாலும் படிக்கிற வியாதி எனக்கு.

தரை மண்ணா, சிமெண்டா, டைல்ஸா? கேட்கிறவர் அந்தத் தரை மேல்தான் நிற்கிறார். கூரை ஓடா, ஷீட்டா? அண்ணாந்து பார்த்தால் தெரிந்துவிடும். கக்கூஸ் இருக்கிறதா, இருந்தால் அது எங்கே போய்ச் சேருகிறது? டிவி உண்டா, வண்டி உண்டா, எத்தனை ரூம்? இதற்கெல்லாம் பதில் சொல்லாவிட்டால் சட்டப்படி குற்றம் என்கிறார்கள். என் கக்கூஸைப் பற்றிப் பேச மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டிருந்ததற்காக ஒருத்தி கோர்ட்டில் நிற்கிற காட்சியை நினைத்துப் பார்க்கிறேன். நீதிபதி என்ன கேட்பார்?

இன்னொரு கேள்வி, வீட்டில் முக்கியமாகச் சாப்பிடும் தானியம் எது என்பது. எங்கள் பக்கத்தில் ராகிக் களி தின்னாத வீடு கிடையாது. ஆனால் டீச்சர் கேட்டால் எல்லோரும் அரிசி என்பார்கள். கை கழுவாத விரலில் களி ஒட்டியிருக்கும், வாய் அரிசி என்று சொல்லும். களி தின்கிறோம் என்று எழுதிக்கொண்டு போய் ஏதாவது சலுகையை வெட்டிவிடுவார்களோ என்று பயம். ராகி தின்கிறவனுக்குத்தான் இனிமேல் சலுகை என்று யாராவது கிளப்பிவிட்டால், மறுநாளே ஊர் மொத்தமும் அரிசியைக் கண்ணால் கண்டதில்லை என்று சத்தியம் செய்யும்.

தாய்மொழிக் கேள்வியைப் பற்றி ஒரு தனி அத்தியாயமே எழுதலாம். என் அப்பா காலத்தில் கணக்கெடுக்க வந்தவர் தெலுங்கில் கேட்டால் எங்கள் தாய்மொழி தெலுங்கு. கன்னடத்தில் கேட்டால் கன்னடம். வந்த மனுஷனை எதற்கு வருத்தப்படுத்த வேண்டும் என்பது அப்பாவின் கொள்கை. வீட்டுக்குள் அவர் திட்டுவது மட்டும் எப்போதும் தமிழில்தான். கர்நாடகம் அந்தப் பக்கம் நடந்து போகிற தூரம், ஆந்திரா இந்தப் பக்கம் ஒரு டீ குடிக்கிற தூரம் என்று இருக்கிற ஊரில் இப்படித்தான் இருக்கும்.

இதையெல்லாம் கேலியாகச் சொல்கிறேனே தவிர, பயம் எனக்கும் உண்டு. எழுதிக்கொண்டு போகிற ஒவ்வொரு எழுத்தும் எங்கேயோ போய் உட்கார்ந்துகொள்கிறது. எந்த மேஜையில், யார் கையில், எதற்காக என்று யாரும் சொல்வதில்லை. ரகசியம் என்கிறார்கள். பக்கத்துத் தெரு டீச்சரை அனுப்பிக் கேட்டுவிட்டு ரகசியம் என்றால் யார் நம்புவது?

நான் கேட்கிற கேள்விகள்

உண்மையைச் சொன்னால், அரசாங்கத்தைவிட அதிகமாகக் கேள்வி கேட்கிறவள் நான்தான்.

கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்களை உட்காரவைத்து நான் கேட்பதைப் போல எந்த அதிகாரியும் கேட்க முடியாது. தாத்தா இருக்கிறாரா, போய்விட்டாரா? பெரியப்பாவுக்கு எத்தனை சம்சாரம், எந்தச் சம்சாரத்தின் பெயர் வர வேண்டும்? மாப்பிள்ளை பி.இ. முடித்தாரா, படித்தாரா? பங்காளிச் சண்டையில் யார் பெயரை விட வேண்டும், விட்டால் யார் பந்தலுக்கு வந்து ரகளை செய்வார்கள்? எல்லாவற்றுக்கும் பதில் வரும். கேட்காததற்கும் வரும்.

பெரிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. பத்திரிகையில் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று ஆசை, அரசாங்கத் தாளில் யாருக்கும் தெரியக் கூடாது என்று ஆசை.

ஆனால் பத்திரிகையில் வருவதெல்லாம் உண்மை என்று நினைத்துவிடாதீர்கள். அடித்தவள் சொல்கிறேன், பாதி பொய். கோர்ட்டில் விவாகரத்துக் கேஸ் நடத்துகிற மகளும் மருமகனும் பத்திரிகையில் ஒரே வரியில் சேர்ந்து நின்று வரவேற்பார்கள். பேசி எட்டு வருஷமான அண்ணனும் தம்பியும் ஒன்றாக 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பார்கள். நான் எதுவும் சொல்வதில்லை. புரூஃபைக் கொடுப்பேன், படித்துப் பார்த்து 'அச்சடிக்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வேன். கையெழுத்து விழுந்துவிட்டால் அதில் இருக்கிற உண்மையும் பொய்யும் அவர்களுடையது. இந்தத் தொழிலில் நான் நிம்மதியாகத் தூங்குவது அந்தக் கையெழுத்தால்தான்.

எங்கள் பக்கத்துப் பத்திரிகையில் ஆண்பிள்ளைக்கு இரண்டே நிலைதான். உயிரோடு இருந்தால் பெயருக்கு முன்னால் 'திரு'. செத்துப்போயிருந்தால் 'லேட்'. மூன்றாவது ஒன்று கிடையாது. இருக்கிறானா இல்லையா என்று தெரியாதவனுக்கு முன்னால் என்ன போடுவது என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. எனக்கு மட்டும்தான் அந்தச் சிக்கல்.

பேப்பர் வாங்கப் போனவர்

என் வீட்டுக்காரர் பெயர் முனிராஜ். இந்த அச்சகம் அவர் வைத்தது. பழைய மெஷினை வாங்கி வந்த கதையை இந்தப் பத்தியில் போன வாரமே சொல்லிவிட்டேன்.

ஹேமா ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போது ஒருநாள் காலையில், பெங்களூர் போய்ப் பேப்பர் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினார். வரவில்லை. அவர் பைக் ஓசூர் பஸ் ஸ்டாண்டு வண்டி நிறுத்துமிடத்தில் டோக்கனோடு நின்றுகொண்டிருந்தது. போன் அணைந்துபோயிருந்தது. விபத்தோ என்னவோ என்று பதறி ஓடினோம். மூன்றாம் நாள் பீரோவைத் திறந்தபோது அவருடைய பத்தாம் வகுப்புச் சர்டிபிகேட்டையும் இரண்டு நல்ல சட்டைகளையும் காணவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. சாகப் போகிறவன் மார்க் ஷீட் எடுத்துக்கொண்டு போக மாட்டான்.

போலீசுக்குப் போனால் மானம் போகும் என்றார்கள் அவர் வீட்டு ஆட்கள். எங்களுக்கும் ஒரு தகவலும் இல்லை என்றும் சொன்னார்கள். ஊருக்கு நான் ஒரு பதில் தயார் செய்தேன். பூனா பக்கம் ஒரு கம்பெனியில் வேலை, லீவு கிடைப்பதில்லை. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். தாலியும் பொட்டும் இருந்த இடத்தில் இருந்தன.

போன கணக்கெடுப்பு வந்தபோது ஹேமா மூன்றாம் வகுப்பு. வயதான ஒரு வாத்தியார் நீளமான தாளை விரித்துவைத்துக்கொண்டு கேட்டார். குடும்பத் தலைவர் யார்? முனிராஜ் என்றேன். இங்கேதான் இருக்கிறாரா?

"இருக்காருங்க. பேப்பர் வாங்கப் பெங்களூரு போயிருக்காரு."

இரண்டு வருஷமாக வாங்கிக்கொண்டிருந்தார் என்பதை மட்டும் சொல்லவில்லை. வாத்தியார் நல்ல மனிதர், எழுதிக்கொண்டார். அந்த முறை இந்த தேசத்தின் ஜனத்தொகையில் ஒரு ஆள் என் வாயால் கூடினார். வேறு எங்கேயாவது வேறு யாராவது ஒருத்தியும் அவரை எண்ணிக்கையில் சேர்த்திருந்தால், மனுஷன் அரசாங்கக் கணக்கில் இரண்டு பேர். அதற்குப் பிறகு பல நாள், அந்தத் தாள் எங்கே இருக்கிறது, யாராவது சரிபார்ப்பார்களா என்று யோசித்துக்கொண்டே இருப்பேன். தபால்காரர் வந்தால்கூடத் திக்கென்று இருக்கும்.

டீச்சர் படித்தார்

மோரைக் குடித்துவிட்டு டீச்சர் போனைத் திறந்தார். நான் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். பூனா, கம்பெனி, லீவு இல்லை. இடையில் ஒரு பேச்சுக் கொடுக்கலாம் என்று, "புருஷன் பேரைச் சொல்லாட்டியும் கேஸ் போடுவாங்களா டீச்சர்?" என்று கேட்டேன்.

"அதுக்கு மட்டும் சட்டத்துலயே விலக்கு இருக்குதாம்க்கா. வழக்கப்படி புருஷன் பேரைச் சொல்லக் கூடாதுன்னு இருக்கற பொம்பளைங்க சொல்ல வேண்டியதில்லன்னு ட்ரெய்னிங்ல சொன்னாங்க."

என்ன கரிசனம் பாருங்கள். பெயரைச் சொல்ல வேண்டாமாம். ஆள் எங்கே என்று கேட்டால் என்ன செய்வது என்பதற்கு விலக்கு எதுவும் இல்லை.

"ஆனா உங்களுக்கு அந்தக் கஷ்டம் ஒண்ணும் இல்லக்கா. ஹேமா நேத்தே போன்ல எல்லாத்தையும் போட்டுட்டு நம்பரை எனக்கு அனுப்பிருச்சு. நான் ஒருவாட்டி படிக்கறேன். சரின்னா சரின்னு சொல்லுங்க, முடிச்சுக்கறேன்."

இப்போதெல்லாம் வீட்டிலிருந்தே நாமே பதிவு செய்துகொள்ளலாம் என்று நானே ஒரு கடைக்கு நோட்டீஸ் அடித்துக் கொடுத்திருக்கிறேன். அதை என் மகள் படிப்பாள் என்று நினைக்கவில்லை.

டீச்சர் வகுப்பில் படிப்பது போலவே படித்தார். தரை டைல்ஸ். கூரை கான்கிரீட். முக்கியத் தானியம் ராகி. அந்த இடத்தில் ஒரு நொடி நிறுத்தி, "இந்தத் தெருவுல ராகின்னு உண்மையச் சொன்ன ஒரே வீடு" என்றார்.

"குடும்பத் தலைவர், சரோஜா. பெண்."

காலியான மோர் டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"வழக்கமா இந்த வீட்டுல தங்கறவங்க ரெண்டு பேர்."

வெளியே ஒரு கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"வீட்டுல இருக்கற கல்யாணமான தம்பதிங்க, சைபர்."

டீச்சர் தலையைத் தூக்கவில்லை. போனைப் பார்த்தபடியே, "தப்பா இருந்தா இப்பவே மாத்திக்கலாம்க்கா" என்றார்.

ஒன்று என்று மாற்றச் சொன்னால், என் மகள் பொய் எழுதினாள் என்று அவள் போகப்போகிற வீட்டு மனுஷி முன்னால் ஆகும். சரி என்று சொன்னால், இத்தனை வருஷம் நான் சொன்னது பொய் என்று ஆகும். இரண்டில் எதைச் சொன்னாலும் கல்யாணம் நிற்கலாம். எத்தனையோ பேரிடம் புரூஃபை நீட்டி, நல்லாப் பாத்துட்டுச் சொல்லுங்க என்று சொல்லியிருக்கிறேன். அவர்கள் நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டிருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இருக்கட்டும் டீச்சர். சரிதான்."

அவர் போனை மூடிப் பைக்குள் வைத்தார். "இதெல்லாம் ரகசியம்க்கா. வெளிய போகாது."

தெருமுனை திரும்பும் வரை அவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். போனைக் காதில் வைக்கிறாரா என்றுதான் பார்த்தேன். வைத்தார்.

சைபர் போட்டவள்

ஹேமா ஓசூரில் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கிற பிரிவில் இருக்கிறாள். ஒரு துளி கோணல் இருந்தாலும் பொருளைத் தள்ளிவிடுகிற வேலை. காலை ஷிப்ட் முடிந்து சாயங்காலம் நாலு மணிக்கு வந்தாள். டிபன் பாக்ஸை வைப்பதற்கு முன்னாலேயே பிடித்துக்கொண்டேன்.

"யாரைக் கேட்டுடி சைபர் போட்ட?"

"நீ என்னன்னு போட்டிருப்ப?"

"ஒண்ணு."

"அந்த ஒண்ணுல நீ ஒரு ஆளு. இன்னொரு ஆளு யாரும்மா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. உன் கல்யாணம் நின்றால் தெரியும், ஊர் சிரிக்கும், பூனா என்று சொல்லி வைத்திருக்கிறேனே என்று என்னென்னவோ கத்தினேன். அவள் கத்தவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்.

"பதினஞ்சு வருஷத்துக்கு மேல லீவே குடுக்காத கம்பெனி பூனாவுல எங்கம்மா இருக்குது? ஊருக்கு இது தெரியாதுன்னா நெனைக்கற? உன் மூஞ்சிக்காகத்தான் யாரும் கேக்கறதில்ல." டிபன் பாக்ஸைக் கழுவப் போட்டுவிட்டு, "பத்திரிகையிலயும் அந்தப் பேரு வேண்டாம். உன் பேரு மட்டும் போடு" என்றாள்.

நான் அரசாங்கத்துக்குப் பயந்து, டீச்சருக்குப் பயந்து, ஊருக்குப் பயந்து காப்பாற்றி வைத்திருந்த ஒன்று இந்த வீட்டுக்குள்ளேயே செல்லாமல் போய் எவ்வளவு காலமோ தெரியவில்லை. அவமானமாக இருந்தது. கூடவே, ஒளிக்காமல் சொல்கிறேனே, தோளில் இருந்து எதையோ இறக்கி வைத்த மாதிரியும் இருந்தது.

பேப்பரில் மட்டும்

இரண்டு நாள் கழித்துச் சூளகிரியிலிருந்து சம்பந்தியம்மா வெங்கடம்மா கடைக்கே வந்துவிட்டார். ரோஜாத் தோட்டம் வைத்திருக்கிற குடும்பம். கை முழுக்க முள் கீறல் இருக்கும். கையோடு அவர்கள் பக்கத்துப் பத்திரிகைக்கான விவரங்களையும் எழுதி எடுத்து வந்திருந்தார். இரண்டு வீட்டுப் பத்திரிகையும் நானே அடிப்பதாகப் பேச்சு.

நான் முந்திக்கொண்டேன். "டீச்சர் சொல்லிட்டாங்களா?"

"கிரிஜாவா? அவ வாயே தொறக்கல. உம் பொண்ணு பேச ஆரம்பிச்ச மொத நாளே பையன்கிட்ட எல்லாம் சொல்லிருச்சாம். அவன் இப்பத்தான் எங்ககிட்ட சொல்றான்."

டீச்சரைச் சந்தேகப்பட்டதற்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். போன் பேசினாரே என்று உடனே இன்னொரு சந்தேகமும் வந்தது. என் புத்தி அப்படி.

"எங்களுக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லம்மா" என்றார் வெங்கடம்மா. "பொண்ணு தங்கம். ஆனா எங்க வூட்டுக்காரர் பக்கத்துப் பெருசுங்க இருக்குதுங்களே, அதுங்க கேக்கும். அப்பன் எங்க, மணையில ஒக்காந்து தாரை வாக்கறது யாருன்னு கேக்கும். அதுக்குத்தான் ஒரு யோசனை."

அவர் நீட்டிய தாளில், பெண் வீட்டார் வரியில் 'லேட் முனிராஜ்' என்று இருந்தது.

"லேட்டுன்னு ஒரு வார்த்தை போட்டுட்டா எவனும் எதுவும் கேக்க மாட்டான். பாவம்னு போயிருவான். உன் பொட்டை எடுக்கச் சொல்லல, தாலியை எடுக்கச் சொல்லல. பேப்பர்ல மட்டும்தான்."

நல்ல மனசோடுதான் சொன்னார். முப்பது சொச்சம் கேள்வி கேட்ட அரசாங்கம்கூட, வீட்டில் எத்தனை ஜோடி என்பதோடு நிறுத்திக்கொண்டது. ஆளைக் கொன்றுவிடு என்று சொல்லவில்லை. அதைச் சொல்வதற்குச் சொந்தம்தான் வர வேண்டியிருக்கிறது.

"இருக்காரா செத்தாரான்னு எனக்கே தெரியாதுங்க. தெரியாதத என் பத்திரிகையில போட மாட்டேன்."

"அப்ப உங்க பக்கம் உன் பேரு மட்டும் போட்டுக்க. எங்க பக்கம் நாங்க இப்படிப் போட்டுக்கறோம். ரெண்டையும் பக்கத்துல வெச்சு யாரு பாக்கப் போறாங்க?"

கஸ்டமர் எழுதிக் கொடுத்ததை அடிப்பதுதான் என் வேலை. புரூஃப் எடுத்தேன். வெங்கடம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்து, 'அச்சடிக்கவும்' என்று எழுதித் தெலுங்கில் கையெழுத்துப் போட்டார்.

எங்கள் பத்திரிகையை முதலில் ஓட்டினேன். என் பெயர் தனியாக நின்றது. இடம் காலியாகத் தெரியும் என்று நினைத்தேன், அப்படித் தெரியவில்லை. அடுத்து அவர்களுடையது. முதல் தாள் வந்ததும் மெஷினை நிறுத்தி எடுத்துப் பார்த்தேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பயம்தான் வந்தது. என்றைக்காவது அந்த மனுஷன் வாசலில் வந்து நின்றால் இதை எப்படிக் காட்டுவேன் என்று நினைத்தேன். வந்தால் சோறு போடுவேனா, கதவைச் சாத்துவேனா என்று இத்தனை வருஷத்தில் ஒரு முடிவுக்கு வர முடியாதவள் நான். மறுபடி மெஷினைப் போட்டு மீதியையும் ஓட்டினேன்.

முதல் பத்திரிகை

பெண்ணுக்கு அத்தை முறையில் இருப்பவருக்குத்தான் முதல் பத்திரிகை. ஹேமாவின் அத்தை, அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா ராஜம்மா, தேன்கனிக்கோட்டையில் இருக்கிறார். நான் அவரை அண்ணி என்பேன்.

உலகத்தில் நான் சந்தேகப்படாமல் நம்பிய ஆள் ஒருவர் உண்டென்றால் அது அண்ணிதான். தம்பி போன அன்றைக்கு என்னைக் கட்டிக்கொண்டு என்னைவிட அதிகமாக அழுதவர். வருஷா வருஷம் ராகி அறுத்ததும் ஒரு மூட்டை அனுப்புவார். அவரைக்காய் சீசனில் பை நிறைய வரும். எப்போது கேட்டாலும், "ஒரு தகவலும் இல்ல சரோஜா, அவன் எங்க கெடக்கறானோ" என்பார்.

ஓசூர் போய் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. முதல் நாள் யானை இறங்கிப் பீன்ஸ் கொடியை மிதித்துவிட்டதென்று அவர் வீட்டுக்காரர் மனு கொடுக்க வனத்துறை ஆபீசுக்குப் போயிருந்தார். அண்ணி மட்டும் வீட்டில். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்துப் பத்திரிகையைக் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு பிரித்தார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"தம்பி பேரு எங்க?"

"போடல அண்ணி. ஹேமா வேண்டான்னுட்டா."

அவர் முகம் சுருங்கியது. "பெத்தவன் பேரு இல்லாம ஒரு பத்திரிகையா? நீ சொல்லக் கூடாதா அவளுக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. பையில் இருந்த சம்பந்தி வீட்டுப் பத்திரிகையை எடுத்து நீட்டினேன்.

"இதாவது பரவால்ல. அவங்க பக்கத்துல என்ன போட்டிருக்காங்கன்னு பாருங்க."

அண்ணி படித்தார். அந்த வார்த்தை வந்த இடத்தில் விரல் நின்றது. பத்திரிகையைத் தரையில் வீசிவிட்டார்.

"பாவிங்க. நல்லா இருக்கற ஆளுக்கு இப்படியா எழுதுவாங்க? போன ஞாயித்துக்கெழமகூடப் பேசினான், முட்டி வலிக்குதுன்னு..."

அதோடு நிறுத்திக்கொண்டார்.

அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். முற்றத்தில் கட்டியிருந்த மாடு தலையை ஆட்டுகிற மணிச் சத்தம் மட்டும் கேட்டது.

எங்கே இருக்கிறார், எத்தனை வருஷமாகப் பேசுகிறார், கூட யார் இருக்கிறார்கள், பிள்ளைகள் உண்டா, அந்த வீட்டில் தம்பதிகள் எத்தனை? கேள்வி கேட்டே பிழைக்கிறவள் நான். எல்லாம் வரிசையாக வாய்க்கு வந்தன. ஒவ்வொரு வருஷமும் வாங்கி வைத்த ராகி மூட்டைகள் எல்லாம் நெஞ்சில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அரசாங்கத்தில் தொடங்கித் தபால்காரர் வரை சந்தேகப்பட்டேன். இந்த வீட்டு வாசலில் மட்டும் செருப்போடு சேர்த்துச் சந்தேகத்தையும் கழற்றிவிட்டு உள்ளே வந்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்றைக் கேட்டேன்.

"ஹேமாவைப் பத்திக் கேப்பாரா அண்ணி?"

அவர் என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். இத்தனை வருஷம் பொய் சொன்னவருக்கு இன்னும் ஒரு பொய் சொல்லக் கஷ்டமில்லை. ஆனால் சொல்லவில்லை.

"இல்ல சரோஜா. அவ எப்படி இருக்கறான்னு ஒருவாட்டிகூடக் கேட்டதில்ல."

தரையில் கிடந்த சம்பந்தி வீட்டுப் பத்திரிகையை எடுத்தேன். மூலை மட்டும் லேசாக மடங்கியிருந்தது. அதை நீவிவிட்டு, எங்கள் பத்திரிகைக்குப் பக்கத்தில் தட்டில் வைத்தேன்.

"அப்ப இந்த 'லேட்'டுல தப்பு ஒண்ணும் இல்லைங்க அண்ணி. சரியாத்தான் அடிச்சிருக்கேன்."